பர்மிய மொழி தெரியாது என்பதற்கு ஒரு சான்றிதழ்

ஒரு பிள்ளைக்கு ஒரு மொழி தெரியும் என்று நிரூபிப்பது பெரிய வேலையில்லை. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசச் சொன்னால் போதும். தெரியாது என்று நிரூபிக்க வேண்டி வந்தால் என்ன செய்வீர்கள்? பாடசாலைகளில் உயர்கல்வி வழிகாட்டும் பொறுப்பை இந்த வருடம் ஏற்றிருக்கும் உங்களிடம் நான் முதலில் கேட்க நினைத்தது இதைத்தான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. இந்த ஒரு காரியத்துக்காக மாத்தளையில் ஆறு வாரம் நாயாய் அலைந்தவள் நான்.

எங்கள் காலத்தில் இந்தப் பொறுப்புக்குப் பெயரே கிடையாது. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துப் பதினைந்து வருடம் போல ஆகியிருந்தது. மாத்தளை டவுனில் ஒரு பெண்கள் பாடசாலையில் வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதிபர் ஓர் அலுமாரியின் சாவியை என்னிடம் கொடுத்தார். பல்கலைக்கழகம், பயிற்சிக் கலாசாலை, தூதரகம் என்று எங்கிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் அந்த அலுமாரிக்குள் போய்விடும். வெளியே வருவதுதான் அபூர்வம். எனக்கு முன் சாவி வைத்திருந்த டீச்சர் ஓய்வுபெற்றுப் போகிற அன்று ஒரே ஒரு புத்திமதி சொன்னார். "ஃபோமைக் கடைசிப் பக்கத்துல இருந்து படிங்க. முன்பக்கத்துல ஆசை காட்டுவாங்க. பின்பக்கத்துலதான் கழுத்தறுப்பாங்க." நான் பவ்வியமாகத் தலையாட்டினேன். தலையாட்டியது மட்டும்தான் நடந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எஸ்தர் எங்கள் பழைய மாணவி. பலாபத்வலைக்கு உள்ளே ஒரு கொக்கோத் தோட்டத்தில் அவள் அப்பா கணக்கப்பிள்ளை. அதாவது, ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் மலையில் வேலை வாங்குகிறவர். எஸ்தர் உயர்தரப் பரீட்சையில் நாலு பாடமும் சித்தியடைந்துவிட்டு, தோட்டப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பட்டப்படிப்பு படிக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. புள்ளிகளும் இருந்தன. இல்லாதது ஒன்றுதான். அலுமாரியில் இருந்த ஒவ்வொரு படிவத்திலும் ஏதாவது ஒரு மூலையில் குடியுரிமை என்ற வரி இருந்தது. சுதந்திரத்தோடு இந்திய வழித் தோட்ட ஆட்களுக்கு அது இல்லாமல் போயிருந்தது; அவள் அப்பா அதற்கு மனுப் போட்டு வருடக்கணக்காகியும் பதில் இல்லை. அவர் பிறந்தது இந்த மலையில், அவருடைய அப்பா பிறந்ததும் இதே மலையில். மலைக்கு அது தெரியும், அரசாங்கக் கந்தோருக்குத் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை எஸ்தர் வந்து நின்றாள். "டீச்சர், அந்த வரி இல்லாத ஃபோம் ஒண்ணாவது இருக்குங்களா? என்ன படிப்புன்னாலும் பரவாயில்லைங்க."

அலுமாரியை முழுசாக வெளியே கொட்டினோம். ஒரு செத்த பல்லியும், ஒரு கைப்புத்தகமும் கிடைத்தன. தென்கிழக்காசிய மொழிகளும் பண்பாடுகளும் பற்றிய பட்டப்படிப்பு என்று அட்டையில் போட்டிருந்தது. கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகம். படிப்பு, தங்குமிடம், கப்பல் பயணம் எல்லாமே அவர்கள் பொறுப்பு. இலங்கையில் வசிப்பவராக இருந்தால் போதுமாம். பயணத்துக்கு அரசாங்கம் தருகிற ஓர் அடையாளப் பத்திரத்தையே ஏற்றுக்கொள்வார்களாம். குடியுரிமை என்ற சொல்லை எஸ்தர் முன்பக்கத்தில் விரல் வைத்து வரிவரியாகத் தேடினாள். இல்லை. அவள் முகத்தை நான் அன்றைக்குப் பார்த்தேன். அந்தப் புத்தகத்தில் எறும்புகளின் பண்பாடு என்று போட்டிருந்தாலும் சேர்ந்திருப்பாள்.

இனித் தெரிவுகள். நீங்கள் இன்றைக்கு ஒரு பிள்ளைக்கு முன்னால் பத்துப் பட்டப்படிப்புகளை விரித்து வைத்துக் குழப்புகிறீர்களே, அதே குழப்பத்தை அந்த மெலிந்த புத்தகம் தனியாளாகச் செய்தது. முதல் வழி: ஒரு மொழி, அதன் இலக்கியம், அந்த நாட்டு வரலாறு. இரண்டாம் வழி: இரண்டு மொழிகள், ஒரு பண்பாடு. மூன்றாம் வழி: ஒரு மொழி, இரண்டு பண்பாடுகள், கூடவே மானிடவியல். மொழிகள் நான்கு: மலாய், ஜாவா, தாய், பர்மிய மொழி. ஆசிரியர் அறையில் ஒரு வாரம் இதே பேச்சுத்தான்.

"ரெண்டு மொழி, ஒரு பண்பாடுன்னா, ரெண்டாவது ஆக்களுக்குப் பண்பாடே இல்லையா?" என்று கணித டீச்சர் கேட்டார்.

மனையியல் டீச்சர் அந்த நாடுகளில் தேங்காய் உண்டா என்று மட்டும் விசாரித்தார். அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பட்டம் வாங்கிட்டு வந்து இவ மாத்தளையில யாரோட பேசப்போறா?" என்றார். எஸ்தரின் அப்பா வேலை முடிந்து சப்பாத்து மண்ணோடு வந்து, புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார்.

"டீச்சரம்மா, இதுல எந்தப் பாசை லேசுங்க?"

"எல்லாம் கஷ்டம்தான் கணக்கப்பிள்ளை."

"அப்ப சரிங்க. கஷ்டம்னா எங்களுக்குப் பழக்கம்தானே" என்று புத்தகத்தைத் திருப்பித் தந்தார்.

ஒரு மொழியை ஆழமாகப் படிக்கலாம் என்பதால் முதல் வழியை எடுத்தோம். மொழி மலாய் என்று முடிவு செய்தது நான். டவுனில் ஒரு பொலிஸ் சார்ஜன் இருந்தார்; மலாய்க் குடும்பம். அவர் மனைவி வீட்டுக்குள் மலாய்தான் பேசுவார். போட்டி பலமாக இருக்கும், நம்ம பிள்ளை நாலு அடி முன்னால் நிற்கட்டும் என்று, சனிக்கிழமை தோறும் எஸ்தரை அந்த வீட்டுக்கு அனுப்பினேன். அவள் மண்டையில் மொழி ஒட்டிக்கொள்கிற வேகம் எனக்கே பயமாக இருந்தது. இரண்டு மாதத்தில் சார்ஜன் மனைவி என்னைத் தேடி வந்துவிட்டார்.

"டீச்சர், ஒங்க புள்ளை என்ட மனுசனை மலாய்ல ஏசுற அளவுக்கு வந்துட்டா. நேத்து ஏசினா. அவர் திருப்பி ஒண்ணும் சொல்லல்ல, சட்டையைப் போட்டுக்கிட்டு ஸ்டேசனுக்குப் போயிட்டார்."

இதைவிட நல்ல நற்சாட்சி எங்கே கிடைக்கும்? அதையே கொஞ்சம் மரியாதையாக ஒரு கடிதமாக எழுதித் தரச் சொன்னேன். விண்ணப்பத்தோடு சேர்த்து விமானத் தபாலில் அனுப்பிவிட்டு, வரும் வழியில் எனக்கு நானே ஒரு கோப்பி வாங்கிக் குடித்துக்கொண்டேன். அவ்வளவு பெருமை.

பதில் ஐந்து வாரத்தில் வந்தது. எஸ்தரின் திறமையைப் பாராட்டியிருந்தார்கள். அதனால்தான் அவளைச் சேர்க்க முடியாது என்றும் எழுதியிருந்தார்கள். படிக்கப் போகும் மொழியில் முன்னறிவு எதுவும் இல்லாதவர்களுக்கு மட்டுமே இந்தச் சலுகை. கைப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்க்கவும் என்றிருந்தது. பார்த்தேன். இருந்தது. விண்ணப்பதாரர் வேறொரு மொழியைத் தெரிவு செய்யலாம். ஆனால் இரண்டு மாதத்தில் மலாய் கற்றவர் என்பதால், புதிய மொழி இவருக்குத் தெரியாது என்று, அம்மொழி அறிந்த ஒரு தகுதியானவரிடம் சான்றிதழ் பெற்று ஆறு வாரத்துக்குள் அனுப்ப வேண்டும்.

இதை நான் எத்தனை தரம் படித்திருப்பேன் என்று கேட்காதீர்கள். படிக்கப் போகும் பாடம் தெரிந்திருப்பது குற்றமாகும் என்று யார் நினைப்பார்கள்? பழைய டீச்சர் நினைத்திருப்பார். அவர்தான் சொல்லிவிட்டும் போனாரே. ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தில் அவர்கள் கேட்காத எதையும் உங்கள் கெட்டித்தனத்தால் சேர்க்காதீர்கள். சேர்த்தே ஆகவேண்டும் என்று கை அரித்தால், அந்தக் கையால் கடைசிப் பக்கத்தைப் புரட்டுங்கள். அந்த வருடம் விட்டால் எஸ்தருக்கு வயதெல்லை தாண்டிவிடும். அடுத்த வருடம் என்ற ஒன்று அவளுக்குக் கிடையாது. சொன்னபோது அவள் "பரவாயில்லைங்க டீச்சர்" என்றாள். என்மேல் எரிந்து விழுந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

எந்த மொழி? ஜாவா மொழி என்றால், "அதுலயும் கொஞ்சம் சொல்லிக் குடுத்தனே" என்று சார்ஜன் மனைவி பெருமையாகச் சொல்லிக் கதையை முடித்துவைத்தார். தாய் மொழி அறிந்தவர் மாத்தளையில் ஒருவரும் இல்லை. ஆகவே பர்மிய மொழி. தெரிவுக்குக் காரணம் கேட்கிற இடத்தில் நான் ஏதோ அழகாக எழுதினேன். உண்மைக் காரணம், அது எஸ்தருக்குத் தெரியாது என்று சொல்லத் தெரிந்த ஓர் ஆள் கிடைக்கக்கூடும் என்பதுதான்.

மெயின் வீதியில் மிளகு, ஏலம் மொத்த வியாபாரம் செய்த ஹாஜியார் ஒருவர் இளமையில் ரங்கூனில் கடை வைத்திருந்தவர் என்று கேள்விப்பட்டுப் போனேன். விசயத்தைக் கேட்டதும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"ஒம்பது வருசம் இருந்தேன் டீச்சர். எல்லா வேலையையும் தமிழ்லயே முடிச்சிட்டு வந்துட்டேன், அல்ஹம்துலில்லாஹ். எனக்கே பர்மா பாசை தெரியாது, இந்தப் புள்ளைக்கு எப்படித் தெரியும்? இப்பவே எழுதித் தாறேன், குடுங்க பேனையை."

"ஹாஜியார், தெரிஞ்சவங்கதான் எழுதணும்."

"தெரியாதுங்கிறதுக்குமா தெரிஞ்சவங்க வேணும்?" என்று நெற்றியைத் தடவிக்கொண்டார். பிறகு அவர்தான் வழி சொன்னார். நாலந்தாவுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பன்சலையில், புத்த கோயிலில், இருக்கிற பிக்கு பர்மாவில் படித்தவர். யாரோடும் அதிகம் பேசமாட்டார், ஆனால் நேர்மையான மனிதர். அந்த நேர்மைதான் எங்களுக்குத் தலையிடியாக வரப்போகிறது என்று ஹாஜியாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

விசாரித்து, சேதி அனுப்பி, அனுமதி கிடைப்பதற்குள் நாலு வாரம் ஓடிவிட்டது. எஸ்தரும் நானும் ஒரு கட்டு வெற்றிலையோடு பஸ் ஏறினோம். பிக்குவுக்கு அறுபது வயதிருக்கும். நெடிய ஆள், குரல் மெல்லியது. பதினொரு வருடம் பர்மாவில் இருந்தாராம். சிங்களத்தில்தான் பேசினோம், எஸ்தருக்கும் சிங்களம் நன்றாக வரும். பல்கலைக்கழகக் கடிதத்தை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு அவர் பர்மிய மொழியில் எஸ்தரிடம் மூன்று கேள்விகள் கேட்டார். எஸ்தர் பேசாமல் நின்றாள். எனக்கு உயிர் வந்தது.

"தெரியாதவளும் பேசாமல்தான் நிற்பாள். தெரிந்து மறைக்கிறவளும் பேசாமல்தான் நிற்பாள்" என்றார் பிக்கு. "இந்தப் பெண் இரண்டு மாதத்தில் ஒரு மொழியைப் பிடித்தவள் என்று நீங்கள்தானே சொல்கிறீர்கள். நான் கையெழுத்துப் போட்டால் அது உண்மையாக இருக்க வேண்டும்."

பிறகு எங்கள் இருவரையும் பாயில் உட்காரச் சொல்லிவிட்டு, பர்மிய மொழியில் ஒரு கதையை ஆரம்பித்தார். தந்திரம் எனக்குப் புரிந்தது. சிரிப்புக் கதை. தெரிந்தவளாக இருந்தால் எங்காவது ஓரிடத்தில் உதடு காட்டிக்கொடுக்கும். பத்து நிமிடம் சொன்னார். கைகளை நீட்டினார், குனிந்தார், இரண்டு குரலில் பேசினார். எத்தனை வருடமாக அந்த மொழியைப் பேசாமல் வைத்திருந்தாரோ, முகம் அப்படி மலர்ந்துபோயிருந்தது. கதையின் முடிவில் அவருக்கே சிரிப்புத் தாளவில்லை. தோள் குலுங்கச் சிரித்தார்.

எஸ்தரும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, சரியான இடத்தில், சரியான அளவுக்கு.

பிக்குவின் சிரிப்பு நின்றது. "பார்த்தீர்களா?" என்றார் கவலையோடு. சான்றிதழ் தரமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. தரமுடியாது என்றார். அந்த வித்தியாசம் அவர் முகத்தில் தெரிந்தது. அதனால் எனக்குக் கோபிக்கவும் வழியில்லை.

பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே எஸ்தரைப் பிடித்துக்கொண்டேன். "எதுக்குடி சிரிச்ச? ஒரு சொல்லாவது வெளங்கிச்சா?"

"இல்லைங்க டீச்சர்."

"பிறகு?"

"சாமி சிரிச்சாருங்களே." அவள் கண் கலங்கியிருந்தது. "எங்க தோட்டத்துல தொரை சிரிச்சா எல்லாரும் சிரிக்கணுங்க. பெரட்டுக்களத்துல காலையில வேலை பிரிக்கிறப்ப தொரை இங்கிலீசுல ஏதாவது சொல்லிச் சிரிப்பாரு. அவரு வாயப் பாத்துக்கிட்டே இருந்து நாங்களும் சிரிப்போம். ஒருக்கா அப்பா கவனிக்காம நின்னுட்டாருங்க. ஒரு மாசம் ஆகத் தொலைவுல இருக்கிற மலைக்குத்தான் அனுப்பினாங்க. அதுலேருந்து எங்க வீட்டுல சின்னப் புள்ளைகளுக்கும் சொல்லிக் குடுத்திருக்கு. எனக்கு அது தானா வருதுங்க."

நான் அவளை ஏச வாயெடுத்து, அப்படியே நிறுத்தினேன். பிக்கு சிரித்தபோது நானும் சிரித்திருந்தேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். வித்தியாதிகாரி பாடசாலை பார்க்க வரும்போது ஆங்கிலத்தில் விடுகிற பகிடிகளுக்கு ஆசிரியர் அறையே எழுந்து நின்று சிரிக்கும். அதில் பாதி எங்களில் பாதிப் பேருக்கு விளங்கியதில்லை.

இனி எட்டு நாள்தான். நெருக்கடியில் மூளை எப்படியெல்லாம் ஓடும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்களுடையதும் ஓடும். ஹாஜியாரிடம் போய் அந்தக் கடிதத்தை வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். ஒன்பது வருடம் ரங்கூனில் இருந்தவர் என்பது உண்மைதானே. எஸ்தரை உட்காரவைத்து, யார் சிரித்தாலும் சிரிக்காமலிருக்கப் பழக்கலாம் என்று நினைத்தேன். கல்லுப்போல உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பார்த்தால் பிக்குவுக்குச் சந்தேகம் கூடுமே தவிரக் குறையாது. கடைசியில் ஒரு யோசனை வந்தது. வந்தபோது எனக்கு அது மகா கெட்டித்தனமாகத் தெரிந்தது. கெட்டித்தனமாகத் தெரிகிற யோசனைகளிடம் கொஞ்சம் எட்டவே நில்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எஸ்தரின் அப்பா, அம்மா, அத்தை, அவர்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் இரண்டு பேர் எல்லாரையும் கோயில் உடுப்போடு பஸ்ஸில் ஏற்றினேன்.

"நாங்க என்னங்க செய்யணும்?" என்று கணக்கப்பிள்ளை கேட்டார்.

"ஒண்ணும் வேணாம். சாமி ஒரு கதை சொல்லுவார். சும்மா கேட்டுக்கிட்டு இருங்க" என்றேன். அதற்குமேல் சொல்லவில்லை. எஸ்தரிடமும் சொல்லவில்லை.

பன்சலையில் எல்லாரும் வரிசையாகப் பாயில் உட்கார்ந்தார்கள். அவர்கள் காதில் விழாமல் சற்றுத் தள்ளி நின்று பிக்குவிடம் சிங்களத்தில் சொன்னேன். "அன்றைக்குச் சொன்ன கதையை இவர்களுக்கு ஒருமுறை சொல்லுங்கள். இவர்கள் காலையிலிருந்து பொழுதுபடும்வரை கொக்கோத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள். இவர்களுக்கும் பர்மிய மொழி தெரியும் என்று உங்களுக்குப் பட்டால், நாங்கள் பேசாமல் போய்விடுகிறோம்."

பிக்கு சந்தேகத்தோடுதான் ஆரம்பித்தார். ஆனால் கதை அவரை இழுத்துக்கொண்டது. கை நீண்டது, குரல் இரண்டானது. முதல் தடவை அவர் புன்னகைத்ததும் கணக்கப்பிள்ளையின் வரிசையில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடியது. அவர் இன்னும் கொஞ்சம் சிரித்தார், இவர்கள் இன்னும் கொஞ்சம். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஒருவரும் ஓரிடத்திலும் பிசகவில்லை. பிக்கு ஒரு கட்டத்தில் சந்தேகத்தையே மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு தன் கதையை விளங்கிக்கொள்கிற ஐந்து பேர் முன்னால் இருப்பதாகவே அவர் சொல்லிக்கொண்டு போனார். கடைசியில் அவர் தோள் குலுங்கியபோது கணக்கப்பிள்ளை தொடையில் தட்டிச் சிரித்தார். பன்சலைக் கூரையிலிருந்த புறாக்கள் எழுந்து பறந்தன.

சிரிக்காதவள் எஸ்தர் மட்டும்தான். அவள் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிக்கு கண்ணைத் துடைத்துக்கொண்டு கணக்கப்பிள்ளையிடம் ஆவலாகப் பர்மிய மொழியில் ஏதோ கேட்டார். கணக்கப்பிள்ளை அதற்கும் சிரித்தார். பிக்கு மறுபடி கேட்டார். மறுபடியும் சிரிப்பு. அப்போதுதான் பிக்குவின் முகம் மெல்ல மெல்ல மாறியது.

"ஏன் சிரித்தீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

கணக்கப்பிள்ளை திடுக்கிட்டு எழுந்து நின்று, தனக்குத் தெரிந்த தோட்டத்துச் சிங்களத்தில் சொன்னார். "சாமி சிரிச்சீங்களே. நாங்க சும்மா இருந்தா மரியாதையா இருக்குங்களா?"

நான் நினைத்தது அப்படியே நடந்திருந்தது. எனக்கு அதில் சந்தோசம் வரவில்லை. எஸ்தர் எழுந்து என் முன்னால் வந்து நின்றாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான்.

"இதுக்காகவா டீச்சர் இவங்களக் கூட்டிக்கிட்டு வந்தீங்க? சிரிச்சுக் காட்டவா? எங்கப்பா என்ன சர்க்கஸாங்க?"

ஒரு பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு அவளுடைய ஆட்களை ஒரு காட்சியாக்கி வைத்தேன். அது என் வேலைக்காலத்தில் நான் செய்த தவறுகளிலேயே பெரியது. கடைசிப் பக்கத்தைப் படிக்காததெல்லாம் இதற்குப் பக்கத்தில் ஒன்றுமேயில்லை.

எஸ்தர் பிக்குவின் பக்கம் திரும்பினாள். சிங்களத்தில், தலையைக் குனியாமல் சொன்னாள். "சாமி, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்றைக்கும் விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை. இவர்களுக்கும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று பெரியவர்களிடம் சொல்ல எங்களுக்குப் பயம். அதனால் சிரிக்கிறோம்."

அத்தை எஸ்தரின் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கப் பார்த்தாள். எஸ்தர் அசையவில்லை. பிக்கு உள்ளே போய்க் காகிதமும் பேனையும் கொண்டுவந்தார். ஒரு வாக்கியம் எழுதினார், நிறுத்தினார், இன்னொன்று எழுதிக் கையெழுத்திட்டார். அதை நான்தான் மொழிபெயர்த்து அனுப்பினேன், ஆகவே நினைவிருக்கிறது. இந்தப் பெண்ணுக்குப் பர்மிய மொழி தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல இவளுக்கு இன்று தெரிந்திருக்கிறது.

கடிதம் நாள் தவறாமல் போய்ச் சேர்ந்தது. எஸ்தர் கப்பல் ஏறினாள். முதல் வழியிலேயே படித்துப் பட்டம் எடுத்தாள், பிறகு அங்கேயே படிப்பிக்கவும் தொடங்கினாள். இது பெருமைக்காகச் சொல்வதல்ல, என் பங்கு அதில் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். போவதற்கு முன் என்னை மன்னித்தாளா என்று கேட்டால், கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வருடா வருடம் நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு வாழ்த்து காட் வரும். எனக்கு அது போதும்.

ஆனால் உங்களுக்குச் சொல்ல நினைத்தது பட்டத்தைப் பற்றியில்லை. சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு நாங்கள் கிளம்பியபோது, பிக்கு எங்களை நிறுத்தினார். இத்தனை தூரம் வந்துவிட்டீர்கள், அந்தக் கதை என்னவென்றாவது தெரிந்துகொண்டு போகவேண்டாமா என்றார். எல்லாரும் வாசலிலேயே நின்றோம். அவர் எல்லாருக்கும் விளங்குகிற மாதிரி எளிய சிங்களத்தில் சொன்னார்.

ஒரு மனிதன் ஆற்றைக் கடக்க வந்தான். ஓடம் அக்கரையில் நின்றது. சத்தம்போட்டு ஓடக்காரனைக் கூப்பிட்டான். ஓடக்காரன் ஓடத்தைத் தள்ளிக்கொண்டு இக்கரைக்கு வந்து சேர்ந்தான். "நான் அந்தப் பக்கம் அல்லவா போகவேண்டும், நீ ஏன் இந்தப் பக்கம் வந்தாய்?" என்று இவன் கோபித்துக்கொண்டான்.

அவ்வளவுதான். பத்து நிமிடக் கதை நாலு வரியாகச் சுருங்கிவிட்டது. சொல்லி முடித்த பிக்கு தோள் குலுங்கச் சிரித்துவிட்டு, எங்களைப் பார்த்தார்.

அத்தை தரையைப் பார்த்தாள். எஸ்தரின் அம்மா அத்தையைப் பார்த்தாள். நான் என் உதட்டைக் கடித்துக்கொண்டேன். கணக்கப்பிள்ளையின் வாய் பழக்கத்தில் பாதி திறந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். தோளில் கிடந்த துண்டை எடுக்கப் போய், எடுக்காமல் கையை இறக்கினார்.

"சாமி, கோவிச்சுக்காதீங்க" என்றார். "இதுல சிரிக்கிறதுக்கு என்னங்க இருக்கு?"